எட்டு வரி விலைப்பலகை

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் ஒரு தர்ஷினி, அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்னச் சிற்றுண்டிக் கடை, இருக்கிறது. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் விலைப்பலகையில் எட்டே வரிகள்: இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், செட் தோசை, மசாலா தோசை, காபி, டீ. நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து அந்தப் பலகையில் விலை மட்டும்தான் மாறியிருக்கிறது. ஒரு வரிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். பெங்களூரில் இப்படிப்பட்ட கடை பேட்டைக்குப் பேட்டை உண்டு. உங்கள் பக்கத்துக் கடையை மனதில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

இந்தக் கடையில் சாம்பார் கிடையாது. நான் முதன்முதலில் இட்லித் தட்டோடு போய்ச் சாம்பார் கேட்டபோது, சட்னி அண்டாவுக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர், "சாம்பார் இல்லம்மா, சட்னி எஷ்டு பேக்கோ கேளி" என்றார். எவ்வளவு வேண்டுமானாலும் கேள், ஆனால் சட்னிதான். நான் குடியாத்தத்தில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் ஹோட்டல் இட்லி என்றாலே வாளிச் சாம்பார்தான். சப்ளையர் கரண்டியால் மொண்டு இட்லி மறைகிற அளவுக்கு ஊற்றிவிட்டுப் போவார். சட்னி என்பது இலை ஓரத்தில் ஒரு பொட்டு. ஊரிலிருந்து வந்த அண்ணனை இங்கே கூட்டிப்போனபோது, "என்ன ஊரும்மா இது, சாம்பார் வைக்காம இட்லி விக்கிறாங்க" என்று கடைக்குள்ளேயே சத்தம் போட்டார். பெரியவர் கோபப்படவில்லை. இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

அந்தச் சட்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், இஞ்சி, கொஞ்சம் கொத்தமல்லித் தழை. தண்ணீராக இருக்கும், கரண்டியிலிருந்து ஒழுகும். நம் வீட்டுச் சட்னி போல இட்லிக்குப் பக்கத்தில் குவிந்து நிற்காது, இட்லிக்குள் இறங்கும். இங்கே பல கடைகளில் இட்லிக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்து அரைப்பதில்லை. அரிசி ரவையை உளுந்து மாவோடு கலந்து புளிக்க வைக்கிறார்கள். அதனால் இட்லி கொஞ்சம் மணல் மணலாக இருக்கும், உள்ளே சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தண்ணியான சட்னி அந்தத் துளைகளுக்குள் போய் உட்காரும். நம்மூர் மல்லிகைப்பூ இட்லிக்கு இந்தச் சட்னி சரிவராது, இந்த இட்லிக்கு நம்மூர்க் கெட்டிச் சட்னி சரிவராது. இரண்டையும் பிரித்து வைத்து எது உசத்தி என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. ஒன்று இன்னொன்றுக்காகச் செய்யப்பட்டது.

தேங்காய்ச் சட்னியின் ஆயுள் சில மணி நேரம்தான். மிக்ஸியில் அரைத்தாலும் கிரைண்டரில் அரைத்தாலும் அரைத்த நிமிடத்திலிருந்து அது புளிப்பை நோக்கிப் போகத் தொடங்கிவிடும். வெயில் நாளில் இன்னும் வேகமாக. இந்தக் கடையில் காலை ஆறு மணிக்கு முதல் அண்டா அரைபடும். கூட்டம் பார்த்து மறுபடி அரைப்பார்கள், மறுபடி அரைப்பார்கள். பத்தரை மணிக்கு மேல் புதிதாக அரைப்பதில்லை. அண்டா காலியானால், "முகீத்து அம்மா", முடிந்தது. இட்லி இருந்தாலும் தரமாட்டார்கள். சட்னி இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்பார்கள். பதினொன்றே காலுக்குப் பசியோடு போய் அந்தப் பதிலை வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு காலத்தில் ஒரு நாள்கூட அந்தக் கடையில் புளித்த சட்னியை நான் தொட்டதில்லை. இந்த இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்.

நான் சொல்லவருவது இதைத்தான். ஒரு ஹோட்டல் என்ன என்ன தருகிறது என்று பார்த்து நாம் அதை எடைபோடுகிறோம். எனக்கோ, அது எதைத் தரமாட்டேன் என்கிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் மேல் நம்பிக்கை வருகிறது.

மாறாக ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பெரிய சைவ ஹோட்டலுக்குப் போனோம். குளிரூட்டிய கூடம், மெத்தை வைத்த நாற்காலி, தோல் அட்டை போட்ட மெனு. தென்னிந்தியம், வட இந்தியம், சைனீஸ், சாட், பீட்சா, பாவ் பாஜி, ஜூஸ், ஐஸ்கிரீம். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பனீரில் மட்டும் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். பேருக்கு ஒன்றாக மூன்று வகை வாங்கினோம். மூன்றிலும் ஒரே ருசி. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இத்தனை பெயர்களை ஒரு சமையலறை தாங்க வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த சிவப்புக் கிரேவி ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளைக் கிரேவி ஒன்று, கீரை ஒன்று என்று முன்கூட்டியே செய்து குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் ஒன்றை எடுத்து, ஒரு கரண்டி கிரீமோ ஒரு சிட்டிகை கசூரி மேத்தியோ போட்டு, புதுப் பெயர் கொடுத்து அனுப்புவார்கள். தோசை வாங்கிய மகளின் தட்டில் சட்னி புளித்திருந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றிக் கொடுத்ததும் புளித்திருந்தது. மேனேஜர் மரியாதையாகத்தான் மன்னிப்புக் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நூறு பண்டங்களில் ஒன்றாகிவிட்ட சட்னியை யார் கவனிப்பார்கள்? அங்கே யாருடைய கையும் சட்னிக்கென்று இல்லை. எங்கள் தெருக் கடையில் ஒரு மனிதர் காலை முழுவதும் சட்னிக்கு மட்டுமே நிற்கிறார்.

இந்த ஊரின் பேர்பெற்ற பழைய ஹோட்டல்களை எடுத்துக்கொண்டாலும், அவை பேர்பெற்றதே எதையோ மறுத்ததால்தான். சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கிய பிராமின்ஸ் காபி பாரில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய பலகாரங்கள்தான், சட்னி மட்டும்தான். மேலும் மேலும் சட்னி கேட்டு வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் சாம்பார் வராது. எங்கள் தெருக் கடைக்காரர் இந்த வழியை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். காந்தி பஜாரில் 1943இல் மாணவர்களுக்கென்று திறந்த வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரே சாப்பிடப் புறப்படும் வார இறுதிக்கு முதல் நாள் கதவைச் சாத்தும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

வித்யார்த்தி பவன் தோசை நம்மூர் முறுகல் தோசை இல்லை. வெளியே கருஞ்சிவப்பாக மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே கனமாக, மெத்தென்று. நெய் மணம் தட்டு வருவதற்கு முன்பே வந்துவிடும். ஒரு கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பரிமாறுகிறவர் மேசைகளுக்கு நடுவே வருவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் போகிறது. சனி, ஞாயிறுகளில் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே சுவரில் கன்னட எழுத்தாளர்களின் படங்கள். பசவனகுடி எழுத்தாளர்களின் பேட்டை. அந்தப் பேட்டையை ஒட்டி வாழ்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்ற கன்னட எழுத்தாளர். வீட்டில் பேசிய மொழி தமிழ். அல்சூர்த் தமிழர்களான எங்களுக்கு அது பெரிய விஷயம். பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் 1809இல் வந்ததையொட்டி வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். என் மாமனார் வீட்டு மூதாதையரும் அப்படி வந்தவர்கள்தான். தமிழ் பேசிக்கொண்டே இந்த ஊர்க்காரராக இருக்கலாம் என்பதற்கு இவர்களுக்கு யாரும் சான்று சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் மாஸ்தியின் பெயரைக் கேட்கும்போது ஒரு சந்தோஷம்.

லால்பாக் சாலை எம்.டி.ஆர். ஹோட்டலின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குப் பஞ்சம் வந்தபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்து, அதுதான் ரவா இட்லியானது என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்வார்கள். முந்திரி, கடுகு, கொத்தமல்லி எல்லாம் மேலே தெரிய, பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, சின்னக் கிண்ணத்தில் நெய். இன்று குடியாத்தத்தில் என் அம்மா வீட்டில்கூட அவசரத்துக்கு ரவா இட்லிதான். லால்பாக் சாலையில் அரிசி இல்லாத நாளில் வந்த பலகாரம் எங்கள் வீட்டு அடுப்புவரை வந்துவிட்டது. சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா போய் அங்குள்ள ஹோட்டல்களைப் பார்த்துவிட்டு வந்து, பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் முறையைத் தன் கடையில் கொண்டுவந்தார்.

பிறகு நெருக்கடி நிலை. 1975க்குப் பின் ஹோட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்கச் சொல்லி அரசு உத்தரவு. மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெய்யைக் குறைத்திருப்பார்கள், காபியில் சிக்கரியைக் கூட்டியிருப்பார்கள், இட்லியை ஒரு சுற்று சின்னதாக்கியிருப்பார்கள். எம்.டி.ஆரில் அதே சாமான், அதே அளவு, அரசு சொன்ன விலை. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெழுதி வாசலில் வைத்தார்கள். தாங்காமல் போனபோது ஹோட்டலை மூடினார்கள். தரத்தைக் குறைத்துக் கடையைத் திறந்துவைப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று முடிவெடுத்துவிட்டார்கள். வேலையாட்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று பொடி, மிக்ஸ் போட்டு விற்கும் கடையைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் நாம் மளிகைக் கடையில் பார்க்கும் பாக்கெட்டுகளாக வளர்ந்தது. ஹோட்டல் மறுபடி திறந்தது 1984இல். நான் அங்கே போய் வெள்ளி டம்ளரில் காபி குடிக்கும்போதெல்லாம் இந்த இடைப்பட்ட ஆண்டுகளைத்தான் நினைப்பேன். இட்லியைச் சின்னதாக்க மனம் வராமல் கதவைச் சாத்திய மனிதர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை, அவர்களுடைய எந்தப் பலகாரத்தின் ருசியையும்விடப் பெரியது.

மறுப்பதை இவ்வளவு பாராட்டுகிற நான் இன்னொன்றையும் பேசாமல் போனால் அது நேர்மை ஆகாது. நம் நாட்டு ஹோட்டல்களுக்கு மறுத்துப் பழக்கம் உண்டு, பண்டத்தை அல்ல, மனிதரை. எம்.டி.ஆர். தொடங்கியபோது அதன் பெயர் பிராமின் காபி கிளப். 1960இல்தான் மாவள்ளி டிபன் ரூம் ஆனது. அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் வைப்பது யாருக்கும் விசேஷமாகத் தெரிந்திருக்காது. சென்னை மாகாணத்தில் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தார் 1957இல் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. தினமும் ஆட்கள் போவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வருவார்கள். கடைசியில் பலகையிலிருந்து அந்தச் சொல் போயிற்று. என் தாத்தா தலைமுறைக்கு ஹோட்டல் பலகை என்பது உள்ளே போகலாமா வேண்டாமா என்று படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நான் விலைப்பலகையை மட்டும் படித்துவிட்டு உள்ளே போகிறேன். அந்த வித்தியாசம் தானாக வரவில்லை.

ஆகவே எதை மறுப்பது, யாரை மறுப்பது என்று பிரித்துப் பார்க்கிறேன். சாம்பாரை மறுக்கலாம். சட்னி தீர்ந்தால் இட்லியை மறுக்கலாம். ஆளை மறுக்கக் கூடாது.

அந்த வகையில் தர்ஷினி என்ற ஏற்பாடே எனக்குப் பிடித்தமானது. 1983இல் ஜெயநகரில் ஆர்.பிரபாகர் கஃபே தர்ஷினியைத் தொடங்கினார். நாற்காலி கிடையாது, மேசைக்கு வந்து கேட்கும் சப்ளையர் கிடையாது. கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்கி, கவுண்டரில் கொடுத்து, தட்டை நாமே எடுத்துக்கொண்டு உயரமான மேசையில் வைத்து நின்றே சாப்பிட வேண்டும். சமைப்பது எல்லாம் கண்ணெதிரே. சின்ன இடம், குறைந்த வாடகை, வேகமான சுற்று. அதனால் விலையும் குறைவு. வியாபாரக் கணக்குப் போட்டுத்தான் இதைச் செய்திருப்பார்கள். ஆனால் அதன் விளைவு வியாபாரத்தோடு நிற்கவில்லை. நின்று சாப்பிடும் மேசையில் யாருக்கும் தலைமாடு கால்மாடு இல்லை. என் தட்டுக்கு அடுத்த தட்டு ஒரு நாள் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர் அக்காவுடையது, இன்னொரு நாள் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் பையனுடையது, இன்னொரு நாள் நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட வக்கீலுடையது. மேசை சின்னது, காபி டவராவை வைக்க ஒருவர் தட்டை ஒருவர் நகர்த்திக்கொள்ளத்தான் வேண்டும்.

பெண்ணுக்கு இது இன்னும் ஒருபடி மேல். எங்கள் ஊரில் நான் கல்லூரிக்குப் போன காலத்திலும் ஒரு பெண் தனியாக ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். துணி திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குப் போகச் சொல்வார்கள். இங்கே காலையில் பள்ளிக்கூட வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டு, நேராகப் போய் ஒரு காராபாத்தும் காபியும் வாங்கி, யாருக்கும் எதுவும் சொல்லாமல் நின்று சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவேன். அந்தக் கால்மணி நேரத்தில் எனக்கு யாரும் பரிமாற வேண்டாம், நானும் யாருக்கும் பரிமாற வேண்டாம். காராபாத்தைப் பற்றித் தமிழ்நாட்டு ஆட்கள் "உப்புமாதானே" என்பார்கள். உப்புமா வேறு, காராபாத் வேறு. வாங்கிபாத் பொடியும் காய்கறியும் எண்ணெயும் தாராளமாகப் போட்டு வறுத்த ரவையைக் கிளறினால் வருவது. அதன் பக்கத்திலேயே ஒரு கரண்டி கேசரிபாத் வைத்தால் சௌசௌபாத். காரமும் இனிப்பும் ஒரே தட்டில் தொட்டுக்கொண்டு இருக்கும். ஓரத்தில் இரண்டும் கலந்த வாய் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் அதை வாங்குவது.

என் மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். அவருடைய இளவயதில் வீட்டு ஆண்கள் ஹோட்டலுக்குப் போவார்கள், பெண்களுக்கு வாழையிலைப் பொட்டலம் வரும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வடை நமுத்துப்போயிருக்கும். "சூடா வடைன்னா எப்டி இருக்கும்னே ரொம்ப நாள் தெரியாதும்மா" என்று ஒருமுறை சொன்னார். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடையை இரண்டு விரலால் பிய்த்து, ஆவி வந்ததைப் பார்த்து, "அய்யய்யோ, சுடுது" என்று சிரித்தார். உள்ளே மிளகும் தேங்காய்ச் சில்லும் பல்லில் பட்டதும், "இத்த வீட்ல ஏண்டி நாம போடறதில்ல?" என்றார். அப்புறம் பை டூ காபி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவது இந்த ஊர் வழக்கம். அதைக் கேட்க யாருக்கும் கூச்சமில்லை, தருகிறவருக்கும் முகம் சுளிக்காது. இரண்டு பேர் பேசத்தான் வந்திருக்கிறார்கள், காபி ஒரு சாக்கு என்று கடைக்காரருக்குத் தெரியும்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்கரி கலந்தால் மட்டம் என்று இப்போது புதுக் காபிக் கடைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் அச்சிட்டும் இருப்பார்கள். எண்பதுக்கு இருபது கலந்த தூளில் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும், பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகும் கசப்பு மேலே நிற்கும். அது இந்தக் காபியின் இயல்பு. பால் இல்லாமல் குடிக்கிற காபிக்கு வேறு நியாயம்.

அத்தைக்கு அந்தக் கடை பழகிப்போனது. ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் தானே போய் டோக்கன் வாங்குவார், சட்னிப் பெரியவரோடு கன்னடத்திலும் தமிழிலுமாக ஊர்க்கதை பேசுவார். பிறகு முழங்கால் வலி வந்தது. பத்து நிமிடம் நின்றால் காலை ஊன்ற முடியாது. அப்போதுதான் எனக்கு இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் தெரிந்தது. யாரையும் மறுக்காத கடை என்று நான் கொண்டாடிய இடம் நிற்க முடியாதவரை மறுக்கிறது. வாசலில் யாரும் தடுப்பதில்லை. உள்ளே உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைத்தடியோடு வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள். இவர்களை நான் அதுவரை அந்தக் கடையில் அதிகம் பார்த்ததில்லை. காரணத்தையும் யோசித்ததில்லை.

கடைக்காரர் குந்தாபுரம் பக்கத்துக்காரர். கல்லாவில் அவரிடமே பேசினேன். நாற்காலி போட்டால் ஆட்கள் எழுந்திருக்க மாட்டார்கள், அரை மணி நேரம் லேப்டாப் திறந்து வைத்துவிடுவார்கள், சின்ன இடம், வாடகைக்குக் கட்டாது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கேஸ் சிலிண்டர் விலை, தேங்காய் விலை, ஆள் கிடைக்காதது எல்லாம் சொன்னார். தோசைக்கல்லில் நிற்கும் மாஸ்டர் ஒடிசாவிலிருந்து வந்தவர். விடியற்காலையிலிருந்து அந்த அனலில் நிற்கிறார், அவருக்கும் உட்கார ஸ்டூல் கிடையாது. நாங்கள் பேசுவதை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலி மேசை கேட்கவில்லை, சுவரோரமாக நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு பலகை போதும், அதுவும் முடியாதவர்களுக்கு மட்டும் என்றேன். பார்க்கலாம் அம்மா என்றார். பார்க்கலாம் என்றால் நடக்காது என்றுதான் நினைத்தேன்.

சில வாரம் கழித்துச் சுவரோரம் ஒரு கடப்பைக்கல் பலகை வந்தது. அதன் மேல் கன்னடத்தில், தமிழில், ஆங்கிலத்தில், பெரியவர்களுக்கு என்று எழுதியிருந்தது. தோசைக்கல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலும் வந்தது. அதை நான் கேட்கவில்லை. முதல் நாள் அத்தை அந்தப் பலகையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டபோது, சட்னிப் பெரியவர் அண்டாவை விட்டு வெளியே வந்து, கிண்ணத்தில் சட்னி கொண்டுவந்து ஊற்றினார். தர்ஷினியில் மேசைக்கு வந்து பரிமாறும் வழக்கமே இல்லை. அந்த வழக்கத்தை அவர் அத்தைக்காக மீறினார்.

இப்போது கடைக்காரரின் மகன் கல்லாவில் உட்காருகிறார். டெலிவரிச் செயலிகளில் சேர வேண்டும், கோபி மஞ்சூரியனும் நூடுல்ஸும் சேர்த்தால் சாயங்கால வியாபாரம் பிடிக்கும் என்று அவருக்கு யோசனை. அந்தப் பையனின் கவலை எனக்குப் புரிகிறது. பக்கத்திலேயே வாடகை தாங்காமல் மூடிய கடைகளை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். ஆனாலும் மூடிய டப்பாவில் அரை மணி நேரம் பயணம் செய்த இட்லி தன் ஆவியிலேயே ஊறி வேர்த்துப்போகும். சட்னியை பிளாஸ்டிக் பையில் கட்டினால் அது போகும் வழியிலேயே முதிரத் தொடங்கும். வீட்டில் பிரித்துச் சாப்பிடுகிறவர், கடையில் நின்று சாப்பிட்டதே இல்லாதவராக இருந்தால், இதுதான் இந்தக் கடை இட்லி என்று முடிவுகட்டிவிடுவார். இதை அவரிடம் சொன்னேன். விலையை வேண்டுமானால் ஏற்றுங்கள், நாங்கள் தருகிறோம், பலகையில் வரியை ஏற்ற வேண்டாம் என்றேன். என்னைப் போல இன்னும் சில வாடிக்கையாளர்களும் சொல்லியிருக்கிறார்கள் போல. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றார். போன மாதம் இட்லி விலை ஏறியது. எட்டு வரியும் அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. கடை வாசலில் முக்கால் அடி உயரத்துக்கு இரண்டு படி. அத்தையை நானோ என் வீட்டுக்காரரோ கைபிடித்து ஏற்றிவிடுகிறோம். சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே வர வழியில்லை. பக்கவாட்டில் ஒரு சரிவுப் பாதை போட இடம் இருக்கிறது, அளந்தும் காட்டினேன். நடைபாதை வேலை முடியட்டும் அக்கா, அதோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறார். நடைபாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. நானும் காபி வாங்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.